கல்யாண வீட்டு உறவு



முதல் உலகப் போரை மூட்டியது பேராசையா, பயமா? இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய நண்பர் பேராசைதான் என்று மேசையைத் தட்டிச் சொல்லிவிட்டுப் போனார். நான் பயமே என்று சொல்ல வந்திருக்கேன். கொஞ்சம் பயந்துகிட்டேதான் வந்திருக்கேன். (சிரிப்பு)

ஒரு கல்யாண வீட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஐயா. 1913 மே மாதம், பெர்லின் நகரம். ஜெர்மானியச் சக்கரவர்த்தி கெய்சர் வில்ஹெல்ம் தன் ஒரே மகளுக்குக் கல்யாணம் பண்றார். வந்த விருந்தாளிகள் யார்? இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஜார்ஜ், ரஷ்யாவின் ஜார் நிக்கோலஸ். ஜார்ஜுக்கு வில்ஹெல்ம் சொந்த அத்தை மகன். நிக்கோலஸ் சொந்தச் சித்தி மகன்! அடுத்த வருஷமே இந்த மூணு பேர் படையும் போர்க்களத்திலே நிக்குது.

நண்பர் காலனி ஆசை என்றார், கப்பற்படைப் போட்டி என்றார். நான் மறுக்கவில்லை. ஆனா அதெல்லாம் பல வருஷமா இருந்ததுதானே? அப்போ மூளாத போர் 1914-ல் ஏன் மூண்டது?

ஜூன் 28. சரயேவோவில் ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டையும் அவர் மனைவியையும் 19 வயசுப் பையன் காவ்ரிலோ பிரின்ஸிப் சுட்டுக் கொன்னுட்டான். செர்பியாவை இப்போ அடக்காவிட்டால் சாம்ராஜ்யமே சிதறிடும்னு ஆஸ்திரியாவுக்குப் பயம். ஆஸ்திரியாவும் போயிட்டா தனியாயிடுவோம்னு ஜெர்மனிக்குப் பயம். செர்பியாவைக் கைவிட்டால் எவன் மதிப்பான்னு ரஷ்யாவுக்குப் பயம். ரஷ்யாவை விட்டா ஜெர்மனிகிட்டே மாட்டிக்குவோம்னு பிரான்ஸுக்குப் பயம்!

ஜூலை 23-ல் ஆஸ்திரியா 48 மணி நேரக் கெடு வைத்தது. செர்பியா பெரும்பாலான நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டது. 28-ம் தேதி அந்தப் பதிலைப் படிச்ச கெய்சரே, இனிப் போருக்குக் காரணமில்லைன்னு எழுதினார். அன்றைக்கே ஆஸ்திரியா போர் அறிவித்துவிட்டது!

அப்புறம் தந்திகள் பறக்குது. 'நிக்கி', 'வில்லி' என்று செல்லப் பெயரில்! கெய்சரின் தந்தியைப் பார்த்து ஜார், முழுப்படை திரட்டும் உத்தரவை 29-ம் தேதி இரவு நிறுத்தினார். தாமதித்தால் ஆபத்து என்று மறுநாள் மந்திரியும் தளபதிகளும் வற்புறுத்த, மறுபடி உத்தரவு போட்டார். ஆகஸ்ட் 1-ல் ஜெர்மனி ரஷ்யா மீது போர் தொடுத்தது. பிரிட்டன் ஒதுங்கி நிற்கலாம் என்ற நம்பிக்கையில், படையைக் கிழக்கே மட்டும் திருப்பச் சொன்னார் கெய்சர். திட்டத்தை இனி மாத்த முடியாதுன்னார் தளபதி மோல்ட்கே. ஆகஸ்ட் 3-ல் பிரான்ஸ் மீது போர். 4-ல் பெல்ஜியத்துக்குள்ளே ஜெர்மன் படை. அன்று இரவே பிரிட்டனும் இறங்கிவிட்டது.

செப்டம்பரில் பாரிஸை நெருங்கிய ஜெர்மானியர்களை மார்ன் ஆற்றங்கரையிலே தடுத்தாங்க. சீக்கிரம் முடியும்னு போனவங்க பதுங்குகுழி வெட்டி நாலு வருஷம் கிடந்தாங்க. அதே செப்டம்பர் 22 ராத்திரி, எம்டன் கப்பல் நம்ம சென்னையிலே குண்டு போட்டு எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது. கெட்டிக்காரனை நாம 'சரியான எம்டன்'னு சொல்றோமே, அந்த எம்டன்தான்! (கைதட்டல்)

யாருக்கு என்ன லாபம்? செத்த போர்வீரர்கள் மட்டும் சுமார் 90 லட்சம். அதில் 70,000-க்கும் மேலே நம்ம இந்தியப் பிள்ளைகள். அந்தத் தாய்மார்களுக்குச் சரயேவோ எங்கே இருக்குன்னு தெரியுமா, ஐயா?

பேராசைக்காரன் லாப நஷ்டம் பார்ப்பான். பயந்தவன் அதையும் பார்க்க மாட்டான். நம்ம வீட்டுச் சண்டையிலும் அப்படித்தானே? நாம முதல்ல இறங்கி வந்தா இளக்காரமா நினைப்பாங்களோங்கிற பயம்! அந்தக் கல்யாண வீட்டு உறவுக்காரர்களில் ஒருத்தர், ஒரே ஒருத்தர், துணிஞ்சு இறங்கி வந்திருந்தால் அத்தனை பிள்ளைகள் வீடு திரும்பியிருப்பார்கள்.

எனவே, போரை மூட்டியது பயமே, பயமே என்று சொல்லி விடைபெறுகிறேன். (கைதட்டல்)