பதினோராம் அகவைத் தேர்வும் இங்கிலாந்தின் ஏழைச் சிறாரும்

ஏழை இல்லத்திற் பிறந்த ஒரு சிறுவன் கூர்மதியுடையான் என்பதை யார், எவ்வாறு அறிவது? இவ்வினாவிற்கு விடைகாண இங்கிலாந்து அரை நூற்றாண்டிற்கு மேலாக முயன்றது. அம்முயற்சியின் வரலாற்றையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

1902ஆம் ஆண்டுச் சட்டத்தால் இடைநிலைப் பள்ளிகளை நடத்தும் உரிமை உள்ளாட்சி மன்றங்கட்குக் கிட்டிற்று. ஆயினும் அப்பள்ளிகளிற் கட்டணம் இருந்தது. முழு மானியம் பெறும் பள்ளி, தொடக்கப் பள்ளியினின்று வருவோர்க்கு நூற்றுக்கு 25 இடங்களைக் கட்டணமின்றி வழங்கல் வேண்டும் என 1907ஆம் ஆண்டு விதிகள் வகுத்தன. ஏணியொன்று கிடைத்தது உண்மையே. பொருளுடையார்க்கோ அவ்வேணி வேண்டப்படவே இல்லை. அரசு இடைநிலைப் பள்ளிகளிற் கட்டணத்தை ஒழித்தது பட்லர் கொணர்ந்த 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமாகும்.

கட்டணம் அகன்ற இடத்தில் தேர்வு வந்தமர்ந்தது. பதினோராம் அகவையில் ஆங்கிலம், கணக்கு, நுண்ணறிவு ஆகியவற்றிற் சோதிக்கப்பெற்ற சிறார், கிராமர் பள்ளி, தொழில்நுட்பப் பள்ளி, நவீனப் பள்ளி என்னும் மூன்றனுள் ஒன்றிற்கு அனுப்பப்பெற்றனர். இம்முப்பகுப்பைச் சட்டம் யாண்டும் கூறிற்றில்லை. 1943ஆம் ஆண்டு நார்வுட் அறிக்கை வற்புறுத்திய கருத்து அது. தொழில்நுட்பப் பள்ளிகள் மிகச் சிலவே எழுந்தமையின், நடைமுறையிற் சிறார் இரு கூறாயினர்.

நுண்ணறிவுச் சோதனை பிறவியாற்றலை அளக்கும் கோல் எனக் கொண்டவருள் தலையாயவர் சிரில் பர்ட். 1971இல் அவர் மறைந்தபின், இரட்டையர் பற்றி அவர் தந்த எண்கள் நம்பத்தக்கன அல்ல எனப் பலர் எடுத்துக்காட்டினர். எனவே அக்கோலையே முற்றும் பழிப்பது இன்று பெருவழக்கு. யாம் அவ்வாறு விரைந்து முடிவு கூறத் துணியோம்.

பிளவுட், ஹால்சி, மார்ட்டின் ஆகியோர் தென்மேற்கு ஹெர்ட்போர்டுஷயர், மிடில்ஸ்பரோ என்னும் ஈரிடங்களை ஆராய்ந்து 1956இல் நூல் வெளியிட்டனர். தொழிலாளர் மக்கட்குக் கிடைத்த கிராமர் பள்ளி இடங்கள், சோதனையில் அவர் பெற்ற அளவிற்கு ஏறத்தாழ ஒத்திருந்தன என்பது அவர்தம் முடிபு. பின்னர் ஹெர்ட்போர்டுஷயரில் நுண்ணறிவுச் சோதனை கைவிடப்பட்டது. விளைவு யாது? தொழிலாளர் மக்களின் பங்கு குறைந்தது. உயர்தொழில் புரிவோர் மக்களின் பங்கு பெருகிற்று! வீட்டிற் பயிலும் மொழியும் பெற்றோர் கல்வியும் ஆசிரியர் மதிப்பீட்டில் எளிதிற் புலப்படுவன. நுண்ணறிவுத் தாளோ, குறையுடையதேனும், அவற்றைச் சற்றே மறைத்தது போலும்.

உட்புகுந்த ஏழைச் சிறார்க்கும் இடர் நீங்கிற்றில்லை. அவருட் பலர் முன்னணியிலிருந்து படிப்படியாகப் பின்தங்கியதையும், படிப்பை இடையில் விட்டதையும் 1954ஆம் ஆண்டு அரசுக் குழுவறிக்கை காட்டிற்று. ஹடர்ஸ்பீல்டு நகரில் அத்தடைகளைக் கடந்து தேறிய 88 தொழிலாளர் மக்களின் வாழ்வை ஜாக்சனும் மார்ஸ்டெனும் ஆராய்ந்தனர். 1962இல் வெளிவந்த அவர்தம் நூலைப் பயில்வார், கல்வியால் உயர்ந்தோர் பிறந்த வீட்டினின்றும் தெருவினின்றும் அயன்மைப்பட்டு நின்ற நிலையைக் காண்பர். எந்தப் புள்ளிவிவரமும் இவ்விழப்பைக் கணக்கிட்டிலது.

1965இல் குரோஸ்லாந்து விடுத்த சுற்றறிக்கை அனைவர்க்கும் பொதுப்பள்ளி அமைக்குமாறு வேண்டிற்று, கட்டளையிட்டதன்று. ஆதலின் இங்கிலாந்தில் இன்றும் 160க்குச் சற்று மிகுதியான கிராமர் பள்ளிகள் உள்ளன. கெண்ட் மாவட்டத்தில் அத்தேர்வு இன்றும் நடைபெறுகின்றது. அதற்கெனச் சிறாரைப் பழக்கும் தனிப்பயிற்சிக்குக் கட்டணம் உண்டு.