பூட்டிக் ஹோட்டல் ஸ்டாட்ஹாலே, வியன்னா

ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவின் 15ஆம் வட்டாரத்தில், வெஸ்ட்பான்ஹோஃப் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் இருக்கிறது பூட்டிக் ஹோட்டல் ஸ்டாட்ஹாலே என்ற சிறு விடுதி. அருகிலுள்ள நிகழ்ச்சி அரங்கின் பெயரே இதற்கும் வந்தது. ஓராண்டில் செலவிடும் ஆற்றலைத் தன் இடத்திலேயே ஈட்டிக்கொள்ளும் கட்டடம் இதில் இருப்பதால், பசுமைக் கட்டடக் கலை பற்றிய பேச்சில் இதன் பெயர் தவறாமல் அடிபடுகிறது.

மிக்கேலா ரைட்டரர் 2001இல் இவ்விடுதியைத் தம் பெற்றோரிடமிருந்து வாங்கினார். பழைய கட்டடத்தை இடிக்காமல், அதையொட்டி அவர் எழுப்பிய புதிய பகுதி 2009இல் திறக்கப்பட்டது. அது ‘பாசிவ் ஹவுஸ்’ முறையில் கட்டப்பட்டது. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் 1990களின் தொடக்கத்தில் உருப்பெற்ற முறை இது. தடித்த வெப்பக் காப்பு, காற்றுக் கசியாத சுவர்கள், வெளியேறும் காற்றின் வெப்பத்தை உள்ளே வரும் புதுக்காற்றுக்கு மாற்றிவிடும் கருவி ஆகியவை இதன் அடிப்படை. அறைகளைச் சூடாக்க ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 15 கிலோவாட் மணிக்கு மேல் தேவைப்படக் கூடாது என்பது விதி.

தேவையை இப்படிக் குறைத்த பிறகே உற்பத்தி. 130 சதுர மீட்டர் பரப்பில் வெந்நீருக்கான சூரியத் தகடுகளும், 93 சதுர மீட்டரில் மின்சாரம் தரும் தகடுகளும் பொருத்தப்பட்டன. நிலத்தடி நீரின் வெப்பத்தை உறிஞ்சித் தரும் ஹீட் பம்ப் இவற்றுக்குத் துணை நிற்கிறது. கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் மழைநீர் பயன்படுகிறது. குளிர்பெட்டி ஓயாமல் மின்சாரம் குடிக்கும் என்பதால் அறைகளில் மினிபார் வைக்கவில்லை.

கூரையில் லாவண்டர் வளர்கிறது. மெல்லிய மண்படுகையிலும் கடும் வெயிலிலும் தாக்குப்பிடிக்கும் மத்தியதரைக் கடற்பகுதிச் செடி என்பதால், மாடிக்கு அது பொருத்தமானது. மண்ணும் செடியும் வெயிலின் சூட்டைத் தடுக்கின்றன. பெய்யும் மழையில் ஒரு பங்கைத் தேக்குகின்றன. மலர்களை நாடித் தேனீக்களும் வருகின்றன. நெருக்கமான தெருவில் விரிந்த தோட்டத்துக்கு இடமேது? கூரையும் உள்முற்றமுமே அந்தக் குறையைத் தீர்க்கின்றன.

ஓராண்டில் செலவிடும் ஆற்றலும் ஈட்டும் ஆற்றலும் சமமாகும் இந்தப் ‘பூஜ்யக் கணக்கு’ புதிய பகுதிக்கு மட்டுமே பொருந்தும். பழைய கட்டடத்தை அந்த அளவுக்குக் கொண்டுவருவது கடினம். விருந்தினர் விமானத்திலோ காரிலோ வந்து சேரும்போது எரியும் எரிபொருளும் அந்தக் கணக்கில் சேர்வதில்லை. இந்த இரண்டாவது ஓட்டையைச் சற்றேனும் அடைக்க, ரயிலிலோ சைக்கிளிலோ வருவோருக்கு அறை வாடகையில் 10 சதவீதத் தள்ளுபடித் திட்டத்தை விடுதி கொண்டுவந்தது.