பிளாக்வால் கப்பற் குடும்பங்கள்

இலண்டன் மாநகரின் கிழக்கே, பாப்ளர் என்னும் பகுதியில், ஒரு வெண்கலச் சிலை இருக்கிறது. பெரியவர் ஒருவர் அமர்ந்திருக்கிறார். அவர் பக்கத்தில் ஒரு நாய். 1863ஆம் ஆண்டில் மறைந்த ரிச்சர்டு கிரீன் என்னும் கப்பல் முதலாளியின் சிலை அது. அவர் குடும்பத்தாரின் கப்பல்கள் பல ஆண்டுகள் சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் வந்து போயின. அக்குடும்பத்தின் வரலாற்றை ஆராயப் புகும் மாணவன் எங்கே தொடங்குவான்? 'கிரீன்' என்ற பெயரைப் பற்றிக்கொண்டு தந்தை, பாட்டன், பூட்டன் என்று மேலே ஏறிச் செல்வதே வழி என்று நினைப்பான். பெயரை மட்டும் நம்பி ஏறினால் பாதி வழியில் திகைத்து நிற்க வேண்டியதுதான். கப்பற் சொத்து பல சமயங்களில் பெண்ணின் கையைப் பற்றிக்கொண்டு வேறொரு பெயருடைய வீட்டுக்குள் நுழைந்திருக்கிறது.

தேம்ஸ் நதிக்கரையிலே பிளாக்வால் என்னும் இடத்தில், 17ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் அமைத்த கப்பல் கட்டும் தளம் ஒன்று இருந்தது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது ஜான் பெர்ரி என்பவரிடம் இருந்தது. 1782இல் பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் அங்கே தொழில் பயில வந்து சேர்ந்தான். அவன் பெயர் ஜார்ஜ் கிரீன். 1796இல் அவன் முதலாளியின் மகள் சாராவை மணந்தான். அடுத்து, தொழிலிலும் பங்காளியானான். சிலையில் அமர்ந்திருக்கும் ரிச்சர்டு இந்தச் சாராவின் மகன். ஆகவே, பாட்டன் தொழில் பேரனுக்கு வந்தது உண்மைதான். ஆனால் அந்தப் பாட்டன் தாய்வழிப் பாட்டன்.

மற்றொரு குடும்பத்தின் கதை இன்னும் சுவையானது. இராபர்ட்டு விக்ராம் என்பவர் அயர்லாந்தில் வெக்ஸ்ஃபோர்டு நகரிலே பிறந்தவர். கம்பெனிக் கப்பலில் வைத்தியராகக் கடலோடியவர். பின்னர் அவர் 'கப்பற் கணவர்' ஆனார். மாணவர்கள் சிரிக்க வேண்டாம்! கம்பெனியார் தங்கள் வாணிகத்துக்கு வேண்டிய கப்பல்களிற் பெரும்பாலானவற்றைப் பிறரிடமிருந்தே வாடகைக்கு எடுத்தார்கள். பல பங்காளிகளுக்கு உரிய ஒரு கப்பலை அவர்கள் சார்பில் நிருவகித்தவருக்கு ஆங்கிலத்தில் அப்படி ஒரு பெயர் வழங்கிற்று. விக்ராமுக்கு இரண்டு மனைவியர் வாயிலாக இருபத்து மூன்று குழந்தைகள். ஒரு மகனுக்கு 'எட்டாமவன்' என்று பொருள்படும் ஆக்டேவியஸ் என்ற இலத்தீன் பெயர். இன்னொரு மகன் பெயர் மனி விக்ராம். ஆங்கிலத்தில் அச்சொல் பணத்தைக் குறித்தாலும், அங்கே அது ஒரு குடும்பப் பெயருங்கூட. அந்நாட்டார் வேண்டிய குடும்பத்தின் பெயரைத் தம் மகனுக்கு முற்பெயராக இடுவதுண்டு. இத்தகைய பெயர் கண்ணிற் பட்டால் ஆராய்ச்சியாளன் அங்கே சற்று நின்று, அது யாருடைய பெயர் என்று தேட வேண்டும்.

இராபர்ட்டு விக்ராமின் புதல்வருள் ஒருவர் ராச்செஸ்டரின் பிஷப் ஆனார், ஒருவர் நீதிபதியானார். மனி, லாஃப்டஸ் என்னும் இருவர் கிரீன் குடும்பத்தாரோடு பிளாக்வால் தளத்தில் பங்காளிகளாயினர். 1843இல் கூட்டு முறிந்தது. நம் ஊர்ப் பாகப் பிரிவினை போலவே தளம் இரண்டாயிற்று. கிழக்குப் பகுதி கிரீன்களுக்கு, மேற்குப் பகுதி விக்ராம்களுக்கு. கொடியுங்கூடப் பிரிந்தது. வெள்ளைத் துணியில் சிவப்புச் சிலுவை, அதன் நடுவில் நீலச் சதுரம்: இது கூட்டுக் கொடி. பிரிந்த பின் ஒரு வீட்டார் சதுரத்தைச் சிலுவையின் மேலேயே வைத்துக்கொண்டனர். மற்றவர் சிலுவையைச் சதுரத்தின் மேல் ஓடவிட்டனர்.

கப்பல்களின் பெயர்களும் குடும்பத்தின் போக்கைக் காட்டும். 1833ஆம் ஆண்டுச் சட்டத்தால் கம்பெனி தன் வாணிகத்தைக் கைவிட நேர்ந்தது. அந்த இடத்தில் தனியார் கப்பல்கள் புகுந்தன. 1837இல் கிரீன் குடும்பத்துக்காக மிதக்கவிடப்பட்ட, 818 டன் கொண்ட கப்பலின் பெயர் 'செரிங்கபட்டம்'. திப்பு சுல்தான் 1799இல் வீழ்ந்த ஸ்ரீரங்கப்பட்டணந்தான் அது. ஒரு குடும்பத்தின் கண் எந்தத் திசையில் இருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? விக்ராம்களோ பின்னாளில் ஆஸ்திரேலியப் பயணத்தில் ஈடுபட்டு, கெண்ட், எசெக்ஸ், நார்ஃபோக், சசெக்ஸ் என்று இங்கிலாந்தின் மாவட்டப் பெயர்களையே தம் கப்பல்களுக்கு இட்டார்கள். சென்னைக்கு வந்த கப்பல்கள், செயற்கைத் துறைமுகம் தோன்றாத அந்நாளில், திறந்த கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. பயணிகளையும் சரக்கையும் அலைகளைக் கடந்து கரை சேர்த்தவை நம் மசூலாப் படகுகளே.

இவ்வளவும் எப்படித் தெரிய வந்தது? முதன்மையான சான்று கப்பற் பதிவேடு. 1786ஆம் ஆண்டுச் சட்டப்படி, தளமிட்ட, 15 டன்னுக்கு மேற்பட்ட ஒவ்வொரு பிரிட்டிஷ் கப்பலையும் சுங்க அதிகாரிகளிடம் பதிவு செய்ய வேண்டும். உரிமையாளரின் பெயர், தொழில், ஊர் யாவும் அதில் இருக்கும். 1823ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு கப்பலையும் அறுபத்து நான்கு பங்குகளாக வகுத்தது. ஒன்றைப் பாதியாக்கி, பாதியைப் பாதியாக்கி, ஆறு முறை சென்றால் வரும் எண் அது. இந்தப் பங்கு யாரிடமிருந்து யாருக்குச் சென்றது என்று தொடர்வதே குடும்பத்தைத் தொடர்வதாகும். கைம்பெண்ணும் மணமாகாத மகளும் தம் பெயராலேயே பங்கு வைத்திருக்கலாம். மணமான பெண்ணின் சொத்தோ, 1870, 1882ஆம் ஆண்டுச் சட்டங்கள் வரும் வரையில், பெரும்பாலும் கணவன் கைக்குப் போயிற்று. ஆகவே பதிவேட்டில் திடீரென ஓர் அன்னியன் பெயர் தோன்றினால், அவனைப் புதிய வியாபாரி என்று ஒதுக்கிவிடாமல், திருமணப் பதிவேட்டையும் புரட்டிப் பார்ப்பது நல்லது. அவன் மருமகனாக இருக்கலாம்.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஜார்ஜ் கிரீன் அரசுத் திருச்சபையைச் சாராத காங்கிரிகேஷனல் பிரிவினருக்கு ஆலயம் கட்டித் தந்தவர். அத்தகையோரின் குழந்தைகளுக்கு நடந்த ஞானஸ்நானம் ஊர் மாதாகோயிற் பதிவேட்டில் கிடைக்காமற் போகலாம். ஆனால் 1754 முதல் 1837 வரையில் குவேக்கரும் யூதரும் தவிர யாவரும் அரசுத் திருச்சபையின் கோயிலிலேதான் மணம் முடிக்க வேண்டும். எனவே ஒரே மனிதனின் பிறப்பை ஓரிடத்திலும் மணத்தை வேறோரிடத்திலும் தேட நேரும். 1837 ஜூலை முதல் தேதியிலிருந்து அரசாங்கமே பிறப்பு, மணம், இறப்புகளைப் பதியலாயிற்று. 1858க்குப் பின் உயில்கள் எல்லாவற்றுக்கும் ஒரே அட்டவணை உண்டு. கப்பற் பதிவேடுகள் பல இன்று இலண்டனின் கியூ பகுதியில், தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. லாயிட்ஸ் பதிவேடு என்னும் அச்சுப் புத்தகத்தை எளிதாகப் பார்க்கலாம். எனினும் பல பங்காளிகள் இருந்தாலும் அது பெரும்பாலும் ஒரு பெயரையே தரும்.

பங்கு வைத்திருந்தவரைப் பற்றி இவ்வளவு தாள்கள் இருக்கின்றன. பாய்மரம் ஏறியவர்களைத் தேடுவதோ அரிது. 1857இல் பிளாக்வாலுக்கு அருகே, லைம்ஹவுஸ் பகுதியில், ஆசிய மாலுமிகளுக்கென ஒரு விடுதி திறக்கப்பட்டது; இலண்டனில் கப்பலின்றித் தவித்த லஸ்கர்கள் அங்கே தங்கினார்கள். அவர்களுடைய பாட்டன் பூட்டனைக் காட்டும் பதிவேடு அந்நகரில் இல்லை. பெயரளவிலேனும் மாலுமிகளைக் காட்டக்கூடியவை கப்பல் ஆட்பட்டியல்கள். 1863 முதல் 1938 வரையுள்ள அப்பட்டியல்களில் ஏறத்தாழ 70 விழுக்காடு, கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில், செயின்ட் ஜான்ஸ் நகரப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. சென்னைக்கு வந்த கப்பலொன்றின் மாலுமியைத் தேடுபவன் அட்லாண்டிக் கடலுக்கு அப்பாலும் கடிதம் எழுத வேண்டியிருக்கும்.