ஒரு மாணவரின் மறுமொழி

1908-ஆம் ஆண்டு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் ஏறத்தாழ இருபது வயதுடைய மாணவர் ஒருவர் முதுகலைப் பட்டத்திற்காக ஓர் ஆய்வுரை எழுதினார். வேதாந்தத்தின் அறநெறியும் அதற்கு அடிப்படையான மெய்யியல் கருத்துகளும் என்பது அதன் பொருள். உலகைப் பொய்த்தோற்றம் என்னும் வேதாந்தத்தில் அறத்திற்கு இடமேது என்று மறைபரப்புப் பணியாளர் பலர் வினவிவந்த காலம் அது. அவ்வினாவுக்கு, அவர்கள் நடத்திய கல்லூரியினுள்ளிருந்தே எழுந்த மறுமொழி இது. எழுதியவர், பின்னாளில் நம் குடியரசுத் தலைவரான சர்வபள்ளி இராதாகிருஷ்ணன்.

அவர் மெய்யியலைச் சிறப்புப் பாடமாகக் கொண்டது பெரிய திட்டமிட்டு அன்று. பட்டம் பெற்ற உறவினர் ஒருவர் தம் பாடநூல்களைக் கொடுத்துவிட்டார். அதனால் வழி தீர்மானமாயிற்று. ஸ்டவுட்டின் உளவியல், வெல்ட்டனின் தருக்கவியல், மெக்கன்சியின் அறவியல் ஆகிய மூன்றும் மேனாட்டார் எழுதியவை. (மெய்யியல் படித்தால் சோறு கிடைக்குமா என்று கேட்கும் பெற்றோர் எந்தப் பங்கிலும் உண்டு. நூல் கிடைத்ததே காரணமாக அதைத் தேர்ந்த ஒருவரின் வாழ்வை அவர்களுக்குச் சொல்லலாம்.)

திருப்பதி, வேலூர், சென்னை எனப் பன்னிரண்டு ஆண்டுகள் அவர் கிறிஸ்தவ நிறுவனங்களிலேயே பயின்றார். அங்கே தம் சமயம் இழிவாகப் பேசப்பட்டது தம்மை ஆழமாகப் புண்படுத்தியதாகப் பின்னர் எழுதினார். அந்தப் புண்ணே, இந்து சமயத்தில் உயிருள்ளது எது, உயிரற்றது எது என்று ஆராய அவரைத் தூண்டியது. நமக்கு இது இனிக்கும் செய்தி அன்று. ஆயினும் மறைக்கத் தகுந்ததும் அன்று.

அவருடைய ஆசிரியர் ஆல்ஃபிரட் ஜார்ஜ் ஹாக், 1903 முதல் அக்கல்லூரியில் மெய்யியல் கற்பித்த ஸ்காட்லாந்து நாட்டவர். ஆய்வுரை ஆசிரியரின் மனத்தை நோகச் செய்யுமோ என்று மாணவர் அஞ்சினார். ஹாக் அதைப் பெரிதும் பாராட்டினார். அவர் தம் விசுவாசத்தில் தளர்ந்தவர் அல்லர். அடுத்த ஆண்டு, 1909-இல், கர்மக் கோட்பாட்டையும் கிறிஸ்தவ மீட்பையும் எதிரெதிர் வைத்து அவர் வெளியிட்ட நூல், வேறுபாட்டைச் சற்றும் மழுப்பவில்லை. எனினும் மறுக்க விரும்பும் கருத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துரைத்த பின்னரே மறுப்பது அவர் வழக்கம். எங்கள் குருமடத்தில் மெய்யியல் இறையியலுக்கு ஏறும் படிக்கட்டாகவே கருதப்பட்டது. எதிர்வாதங்கள் மறுப்புடன் சேர்ந்தே, தோற்ற நிலையில் வந்து சேரும். ஹாக்கின் வகுப்பில் எதிர்வாதம் உயிரோடு எதிரே அமர்ந்திருந்தது.

1938-இல் தாம்பரத்தில், அக்கல்லூரியின் புதிய வளாகத்தில், உலக மறைபரப்பு மாநாடு கூடியது. இறைவெளிப்பாட்டுக்கும் பிற சமயங்களுக்கும் இடையே தொடர்ச்சி இல்லை என்று ஹென்ட்ரிக் கிராமர் வாதிட்டார். பிற சமயக் கொள்கைகள் வேறு, அச்சமயத்தாரிடம் காணும் உண்மையான விசுவாசம் வேறு. பின்னதை நாம் வணங்கி மதிக்க வேண்டும் என்பது ஹாக்கின் நிலை. நம் திருச்சபை, பிற சமயங்களில் உண்மையானதும் தூயதுமான எதையும் தான் புறக்கணிப்பதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் அறிக்கையிட்டது 1965-இல்.

மாணவரோ 1948-இல் பல்கலைக்கழகக் கல்விக் குழுவுக்குத் தலைவரானார். பட்டப்படிப்பின் முதலாண்டில் சமயப் பெரியோர் வரலாறு, இரண்டாம் ஆண்டில் மறைநூற் பகுதிகள், மூன்றாம் ஆண்டில் சமய மெய்யியலின் அடிப்படைச் சிக்கல்கள் என அக்குழு பரிந்துரைத்தது. முன்னிரண்டும் எவரையும் உறுத்தாதவை. மூன்றாவது தன் சமயத்தையும் கேள்விக்கு உட்படுத்தக் கேட்பது. முழுதும் அரசுச் செலவில் இயங்கும் நிறுவனங்களில் சமயப் போதனையை அரசியலமைப்பின் 28-ஆம் பிரிவு விலக்குகிறது. சமயங்களைப் பற்றிய கல்வி அதனின் வேறு என்று 2002-இல் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆக, தடை சட்டத்தில் இல்லை.

நம் கல்லூரிகள் பலவற்றில் கத்தோலிக்க மாணவர் மறைக்கல்விக்கு ஓர் அறைக்கும், ஏனையோர் அறநெறி வகுப்புக்கு மற்றோர் அறைக்கும் செல்கின்றனர். மணி அடித்ததும் இரு சாராரும் நடைவழியில் சந்தித்து, சேர்ந்தே கணிதத்திற்குப் போகின்றனர்.