பம்பாய் நகரத்துக் குழாய்நீர்

மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் வாழும் நம்மவர்கள் மாநகராட்சியின் குழாய்நீரைக் குறை கூறாத நாளே இல்லை எனலாம். நீர் வரும் நேரம் குறைவு, மேல்மாடிக்கு ஏறுவதில்லை, மழைக்காலத்தில் நிறம் மாறுகிறது. இவ்வளவு குறை கூறும் நகரம், நீர் வழங்கும் பொறுப்பைத் தனியார் கம்பெனியிடம் விடலாம் என்ற யோசனை பிறந்தபோது அதை எதிர்த்து நின்றது. இந்த விந்தையின் வேர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இருக்கிறது.

பழைய பம்பாய்க்குக் கிணறுகளும் குளங்களுமே கதி. பிராம்ஜி காவஸ்ஜி என்ற பார்சிச் செல்வர் தம் பொருளைச் செலவிட்டுத் தோபி தலாவ் குளத்தைச் செப்பனிட்டார். அக்குளம் அவர் பெயரையே பெற்றது. எனினும் பெருகிவரும் நகரத்துக்குத் தனி ஒருவரின் தருமம் எம்மட்டில் போதும்? 1850-களின் நடுவே மழை பொய்த்துக் கிணறுகள் வற்றின. படகிலும் ரயிலிலும் நீரைக் கொணர வேண்டியதாயிற்று. அரசினர் விழித்துக்கொண்டனர். ஹென்றி கோனிபேர் என்னும் பொறியாளரின் திட்டப்படி 1856-இல் தொடங்கிய விகார் ஏரி 1860-இல் முடிவுற்றது. பொதுச் செலவில், பொது உடைமையாக எழுந்த ஏரி அது. திட்டம் வகுத்த நாளில் நாட்டை ஆண்டதே ஒரு கம்பெனிதான் என்பது வேறு வேடிக்கை!

அதே ஆண்டுகளில் ஆங்கிலேயரின் தலைநகரில் நிலைமை நேர்மாறானது. லண்டனில் நீர் விற்றவை தனியார் கம்பெனிகள். சில தெருக்களில் இரண்டு கம்பெனிகளின் குழாய்கள் அருகருகே ஓடின. லாம்பெத் கம்பெனி 1852-இல் தேம்ஸ் நதியின் மேற்பகுதிக்குச் சென்று தூய நீரை எடுத்தது; சதர்க்-வாக்ஸ்ஹால் கம்பெனியோ சாக்கடை கலந்த கீழ்ப்பகுதியிலேயே எடுத்து வந்தது. 1854-இல் வாந்திபேதி பரவியபோது ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் வீடு வீடாகக் கணக்கெடுத்தார். முதல் ஏழு வாரங்களில் பத்தாயிரம் வீடுகளுக்கு முன்னதன் நீரைக் குடித்தவர்களில் 37 பேரும், பின்னதன் நீரைக் குடித்தவர்களில் 315 பேரும் மாண்டிருந்தனர். தெரு ஒன்று, காற்று ஒன்று. குழாய் மட்டுமே வேறு. ஆயினும் அக்கம்பெனிகளை நீக்கிப் பொது வாரியம் அமைப்பதற்கு 1902-ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. 1989-இல் இங்கிலாந்து மீண்டும் தனியாரிடமே திரும்பிற்று. அதன் பயனாக எழுந்த தேம்ஸ் வாட்டர் நிறுவனத்துக்கு, கழிவுநீர்க் குறைபாடுகளுக்காகவும் பங்காதாயம் வழங்கியதற்காகவும், 2025 மே மாதத்தில் 12 கோடியே 27 லட்சம் பவுன் அபராதம் விதிக்கப்பட்டது.

பம்பாயில் துளசி ஏரி 1879-இலும் தான்சா 1892-இலும் வந்தன. நீர் வழங்குவது நகராட்சியின் கடமை என்று 1888-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. இன்று நாளொன்றுக்கு 3,800 மில்லியன் லிட்டருக்கு மேல் நகருக்குள் வருகிறது. எனினும் அது யாரிடம் போய்ச் சேர்கிறது என்பதே கேள்வி.

விகார் ஏரியின் மிகை நீரே மித்தி நதிக்கு ஊற்று. அந்நதி தாராவியின் ஓரமாகச் சென்று மாஹிம் கழியில் கலக்கிறது. ஏரி நீர் குழாய்வழியே நகருக்குப் போயிற்று. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்தவர்களின் தாராவிக்குக் கிடைத்தது கழிவு சேர்ந்த ஆறு. பெருங்குழாய்கள் தாராவியை ஊடுருவிச் சென்றும், வீட்டுக் குழாய் கிட்டாதோர் பலர். இணைப்பு இல்லாதவர் பக்கத்தாரிடம் குடம் குடமாக விலைக்கு வாங்கினர். லாரித் தண்ணீருக்குக் காசு கொடுத்தனர். மாளிகைவாசி மாநகராட்சிக்குச் செலுத்துவதைவிட ஒரு லிட்டருக்கு இவர்கள் கொடுத்ததே அதிகம். கம்பெனி வேண்டாம் என்ற நகரத்தில், ஏழைக்கு மட்டும் கணக்கும் பொறுப்பும் இல்லாத சிறு கம்பெனிகள் நெடுங்காலமாக இருந்தே வந்தன.

2006-இல் உலக வங்கியின் துணையோடு, அந்தேரி கிழக்கை உள்ளடக்கிய ‘கே கிழக்கு’ வட்டத்தின் நீர் விநியோகத்தைச் சீர்திருத்த ஆய்வு தொடங்கிற்று. காஸ்டாலியா என்ற ஆலோசனை நிறுவனம் அதை நடத்தியது. ஏறத்தாழ எட்டு லட்சம் பேர் வாழ்ந்த வட்டம் அது. தனியார் பங்கேற்பு பற்றிய பேச்சு எழுந்ததும் குடியிருப்போர் கேள்விகளை அடுக்கினர். குடிநீர்க் கணக்கில் மாநகராட்சிக்கு உபரி இருக்க, கம்பெனி எதற்கு? நீர் குறைந்தால் யாரிடம் முறையிடுவது? கவுன்சிலரையாவது தேர்தலில் தோற்கடிக்கலாம். ஒப்பந்தக்காரரை என்ன செய்வது? 2007-இல் நடந்த பொதுக்கூட்டத்தில் எதிர்ப்பு வலுத்தது. வட்டம் தனியார் கைக்குப் போகவில்லை. ஆனால் அதனால் குழாய்கள் தாமே சீர்ப்பட்டுவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

குறித்த தேதிக்குப் பின் எழுந்த குடிசைகளுக்கு நீர் இணைப்பு மறுப்பது மாநில அரசின் கொள்கையாக இருந்தது. பானி ஹக் சமிதி என்னும் அமைப்பு அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. 2014 டிசம்பர் 15-இல் பம்பாய் உயர்நீதிமன்றம், குடியிருப்பு சட்டப்படி அமைந்ததா இல்லையா என்பதைக் காரணமாகக் காட்டி நீரை அடியோடு மறுக்க இயலாது, அது வாழும் உரிமையைச் சேர்ந்தது என்று தீர்ப்பளித்தது. இத்தகையோரிடம் கூடுதல் கட்டணம் வாங்க இடமும் அளித்தது. அனைவருக்கும் நீர் என்ற கொள்கையை மாநகராட்சி 2022-இல் கொண்டுவந்தது. தீர்ப்புக்கும் கொள்கைக்கும் இடையே ஏழு ஆண்டுகளுக்கு மேல் சென்றன. அத்தனை நாளும் குடத்துக்கு விலை கொடுத்தவர்கள் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள்.