கடைக்குப் பின்னாடி இருக்கிற ஊர்: சேலம், நாமக்கல், நம்ம மளிகையின் வரலாறு

இந்த எபிசோடில் மளிகைக் கடையைப் பத்திப் பேசப்போறோம்.

முட்டை ரேட் திடீர்னு ஏறிடுச்சுன்னா தெருமுனைக் கடைக்காரர் என்ன சொல்வார்? "நாமக்கல்லயே ஏத்திட்டாங்க" அப்படிம்பார். சென்னையில் கேட்டாலும் மதுரையில் கேட்டாலும் பதில் இதுதான். ஆக, விலை ஒரே ஊரிலிருந்து வருது. ஆனா அந்த முட்டையை விற்கிற கடையின் பேர்ப்பலகை மட்டும் ஊருக்கு ஊர் மாறிக்கிட்டே இருக்கு. ஏன்?

முதல்ல பேர்ப்பலகைகளைப் பார்ப்போம்.

சென்னை திருவல்லிக்கேணியில் 1904-ல் ஒரு கூட்டுறவுக் கடை ஆரம்பிச்சாங்க. திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம், சுருக்கமா டி.யு.சி.எஸ். இந்தியாவின் பழைய நுகர்வோர் கூட்டுறவுகளில் இது ஒண்ணு. இதுக்கு முன்மாதிரி இங்கிலாந்தின் ராச்டேல். அங்கே 1844-ல் நெசவாளர்களும் மத்தத் தொழிலாளிகளும் காசு சேர்த்து ஒரு சின்னக் கடை போட்டாங்க. வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ், மெழுகுவர்த்தி, அவ்வளவுதான் சரக்கு. கலப்படம் இல்லாம, சரியான எடையில் கொடுக்கணும், லாபத்தை வாங்குறவங்களே பிரிச்சுக்கணும். இதுதான் அவங்க யோசனை.

மலைப்பக்கம் போனா, 1905-ல் வெண்ணெய் வியாபாரமா ஆரம்பிச்சது நீல்கிரிஸ். பிறகு பெங்களூரு பிரிகேட் ரோடு வரைக்கும் போய் சூப்பர் மார்க்கெட்டா வளர்ந்துச்சு. கோவையில் ஒரு பழக்கடையிலிருந்து பழமுதிர் நிலையம் வந்துச்சு. அதே கோவையில் கண்ணன் டிபார்ட்மென்டல் ஸ்டோரும் வந்துச்சு. சென்னையில் 1996-ல் ஃபுட்வேர்ல்டு, 1997-ல் சுபிக்ஷா.

கூட்டுறவு சூப்பர் மார்க்கெட்டுகளுக்கும் ஊருக்கு ஊர் வேற பேர். சென்னையில் காமதேனு. கோவையிலும் திருச்சியிலும் சிந்தாமணி. மதுரையில் பாண்டியன். வேலூரில் கற்பகம். 1962-ல் சீனப் போர் நேரத்தில் விலைவாசி ஏறிடுமோன்னு பயந்த மத்திய அரசு, நகரங்களில் நுகர்வோர் கூட்டுறவுப் பண்டகசாலைகளை வளர்க்கத் திட்டம் போட்டுச்சு. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு மொத்த விற்பனைப் பண்டகசாலை, அதுக்குக் கீழே சில்லறைக் கிளைகள். திட்டம் நாடு முழுக்க ஒண்ணுதான். ஆனா ஒவ்வொரு வட்டாரத்திலும் தனிச் சங்கம், தனி உறுப்பினர்கள், தனி பேர்.

கடையை விடுங்க, கடைக்கான சொல்லே மாறுது. நமக்கு இங்கே 'மளிகை'. திருநெல்வேலிப் பக்கம் போனா 'பலசரக்கு'.

சங்கிலி ஏன் நீளமாட்டேங்குது?

இது நம்ம ஊர்ப் பழக்கம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்துக்கு எச்.இ.பி., 1905-ல் ஆரம்பிச்சது. ஃப்ளோரிடாவுக்கு பப்ளிக்ஸ், 1930-ல் வந்தது. இங்கிலாந்தின் மாரிசன்ஸ், 1899-ல் பிராட்ஃபோர்டு சந்தையில் முட்டையும் வெண்ணெயும் விற்ற கடை. வட இங்கிலாந்துக் கடைன்னு பேர் வாங்கின அது தெற்கே பெருசா கால் வைக்க 2004 ஆச்சு. அதுவும் சேஃப்வே என்கிற இன்னொரு சங்கிலியை மொத்தமா விலைக்கு வாங்கின பிறகுதான்.

காரணம் ரொம்பச் சாதாரணமானது. மளிகையில் லாபம் பைசாக் கணக்கு. தக்காளி அழுகும், பால் திரியும், முட்டை உடையும். ஒரு கிடங்கிலிருந்து விடிகாலையில் கிளம்புற வண்டி எத்தனை கடைக்குச் சரக்கு இறக்கிட்டுத் திரும்ப முடியுமோ, அவ்வளவு தூரம்தான் ஒரு சங்கிலி நிம்மதியா நீளும். அதுக்கு மேல போகணும்னா புதுக் கிடங்கு, புது மண்டித் தொடர்பு, புது ருசி எல்லாம் வேணும். கொங்குப் பக்கம் கடலை எண்ணெய் கேட்பாங்க, பாலக்காடு தாண்டினா தேங்காய் எண்ணெய். பொன்னி அரிசிக்குப் பழகின வீட்டில் மட்டை அரிசி போகாது.

இந்த எல்லையை ஒரே ஓட்டத்தில் தாண்டப் பார்த்தது சுபிக்ஷா. ஏ.சி. இல்லாத சின்னக் கடை, குறைஞ்ச விலை. தமிழ்நாட்டுக்குள் இருந்தவரைக்கும் அந்தக் கணக்கு ஓடுச்சு. 2006 வாக்கில் நாடு முழுக்கப் பரவ ஆரம்பிச்சு, ரெண்டே வருஷத்தில் சுமார் 1,600 கடைகள். 2009-ல் கையில் பணம் தீர்ந்துபோய், சம்பளமும் சரக்குக்காரங்க பாக்கியும் கொடுக்க முடியாம, கடைகள் மூடப்பட்டன.

சேலத்துக்குள் போவோம்

இதுவரைக்கும் சொன்ன பேர்களில் சென்னை இருக்கு, கோவை இருக்கு, நீலகிரி இருக்கு. சேலமும் நாமக்கல்லும் இல்லை. அப்போ இந்த ஊர்க்காரங்களுக்கு வியாபாரம் தெரியாதா?

அப்படிச் சொன்னா சேலத்துக்காரங்க சிரிப்பாங்க. செவ்வாய்ப்பேட்டை என்கிற பேரிலேயே செவ்வாய்க்கிழமைச் சந்தை இருக்கு. அங்கே லீ பஜாரில் மஞ்சள், பருப்பு, வெல்லம், தானியம்னு மொத்த வியாபாரம் தலைமுறை தலைமுறையா நடக்குது. நாமக்கல் பக்கம் பிலிக்கல்பாளையத்தில் வெல்ல ஏலம். பரமத்தி வேலூரில் வாழைத்தார் ஏலம். திருச்செங்கோட்டிலும் ராசிபுரத்திலும் நாமக்கல்லிலும் கூட்டுறவு விற்பனைச் சங்கங்கள் பருத்தியும் மஞ்சளும் ஏலம் விடுது. சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் எல்லாம் லாரி ஊர்கள்.

இந்தச் சமவெளி, சரக்கை வாங்கி அடுக்குற ஊரைவிட, சரக்கை விளைவிச்சு வெளியே அனுப்புற ஊர். அதனால் இங்கே உருவான பெரிய அமைப்புகள் கல்லாப்பெட்டிப் பக்கம் உருவாகலை. கடைக்குப் பின்னாடி, விலை பேசுற இடத்தில் உருவாச்சு. இதுக்கு ரெண்டு உதாரணம்.

முதல் உதாரணம் ஜவ்வரிசி. ரெண்டாம் உலகப் போரில் தென்கிழக்காசியாவை ஜப்பான் பிடிச்சதும், அங்கிருந்து வந்துக்கிட்டிருந்த ஜவ்வரிசி நின்னுபோச்சு. அந்த 1940-களில்தான் சேலத்தில் மரவள்ளிக்கிழங்கு மாவிலிருந்து ஜவ்வரிசி செய்ய ஆரம்பிச்சாங்க. மழை குறைவான மண்ணுக்கு மரவள்ளி ஒத்துவந்துச்சு. தொழில் பரவுச்சு. ஆனா வாங்குற பெரிய சந்தை மகாராஷ்டிரா, மத்தியப் பிரதேசம், குஜராத்தில் இருந்துச்சு. அங்கே விரத நாளில் சாபுதானா கிச்சடி இல்லாம முடியாது. ஆலைக்காரர் சேலத்தில், சாப்பிடுறவர் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். நடுவில் இருக்கிற வியாபாரி சொன்னதுதான் விலை. சரக்கைத் தேக்கி வைக்க இடமும் இல்லை, கைமுதலும் இல்லைன்னா, வந்த விலைக்குக் கொடுத்துட்டுப் போக வேண்டியதுதான்.

1981-ல் உற்பத்தியாளர்கள் சேர்ந்து ஒரு தொழிற்கூட்டுறவுச் சங்கம் அமைச்சாங்க. அதுதான் சேகோசர்வ். உறுப்பினர் தன் மூட்டைகளைச் சங்கக் கிடங்கில் இறக்கலாம். இருப்பின் மேல முன்பணம் வாங்கிக்கலாம். மாதிரியைப் பார்த்து வியாபாரிகள் விலை கேட்பாங்க. பிடிச்சா கொடுக்கலாம், இல்லைன்னா காத்திருக்கலாம். காத்திருக்க முடியுறதுதான் இதில் முக்கியம். 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சது.

ரெண்டாவது உதாரணம் முட்டை. முட்டையை ரொம்ப நாள் வெச்சிருக்க முடியாது. கோழி லீவு எடுக்காது, தினமும் இடும். அதனால் பண்ணைக்காரரின் அவசரம் வியாபாரிக்கு நல்லாத் தெரியும். 1982-ல் பி.வி. ராவ் முன்னெடுப்பில் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு, அதாவது என்.இ.சி.சி., உருவாச்சு. எங்க முட்டைக்கு நாங்களே விலை சொல்றோம் என்பதுதான் அதன் அடிப்படை. மண்டலவாரியா விலை அறிவிப்பாங்க. தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும் முக்கியமான மண்டலம் நாமக்கல். 1997 ஜனவரி 1-ஆம் தேதிதான் சேலத்திலிருந்து பிரிஞ்சு நாமக்கல் தனி மாவட்டம் ஆச்சு. முட்டை விலையில் அதுக்கு முன்னாடியே அது தனித் தலைநகரம்.

இதில் அரசுக்கும் பங்கு உண்டு. 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவைக் கொண்டுவந்தார். 1989-ல் கலைஞர் ஆட்சியில் ரெண்டு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்ந்துச்சு. அது படிப்படியா ஏறி வாரத்துக்கு 5 முட்டை ஆச்சு. லட்சக்கணக்கான பள்ளிப் பிள்ளைகளின் தட்டு, நாமக்கல் பண்ணைகளுக்கு ஒரு நிலையான வாடிக்கையாளர்.

விலையை யார் சொல்வது?

இப்போ நம்ம காலத்துக்கு வருவோம். 2020-ல் ரிலையன்ஸ் ரீட்டெய்ல், கோவையின் ஸ்ரீ கண்ணன் டிபார்ட்மென்டல் ஸ்டோரை 152.5 கோடி ரூபாய்க்கு வாங்குச்சு. கோவையிலும் சுத்துவட்டாரத்திலும் 29 கடைகள். அதுக்கு முன்னாடி 2014-ல் நீல்கிரிஸ், ஃப்யூச்சர் குழுமத்தின் கைக்குப் போயிருந்துச்சு. மாரிசன்ஸ் செய்ததை இங்கேயும் பார்க்கிறோம். தூரத்திலிருந்து வர்ற பெரிய சங்கிலிக்கு ஒரு வட்டாரத்தைப் புதுசாக் கத்துக்கிறதைவிட, தெரிஞ்சவரை விலைக்கு வாங்குறது சுலபம்.

வாடிக்கையாளரா நமக்கு இதில் பெரிய நஷ்டம் தெரியாது. வெளிச்சமான கடை, ஆப்பில் டெலிவரி, சில நேரம் குறைஞ்ச விலை. ஆனா கடைக்குப் பின்னாடி நிக்கிறவருக்குக் கணக்கு வேற. பத்துக் கடைக்காரர் வந்து கேட்கிற ஏலத்தில் ஒரு மூட்டைக்குக் கிடைக்கிற விலையும், ஒரே ஒரு பெரிய கம்பெனி நேரா வந்து பேசுற விலையும் ஒண்ணா இருக்கணும்னு அவசியம் இல்லை. சில நேரம் கம்பெனி நல்ல விலை கொடுக்கும். பிரச்னை என்னன்னா, அது வேண்டாம்னு சொல்லிட்டா அடுத்த கதவு இருக்கணும்.

கூட்டா விலை சொல்றதும் எப்பவும் ஜெயிக்கிறதில்லை. நாமக்கல்லில் 'மைனஸ்'னு ஒரு சொல் உண்டு. அறிவிச்ச விலை ஒண்ணு, வியாபாரி பண்ணையில் கையில் கொடுக்கிறது அதைவிடக் குறைவு. அந்த வித்தியாசம்தான் மைனஸ். முட்டை தேங்கினா மைனஸ் ஏறும். அதாவது அமைப்பு இருந்தும் இழுபறி ஓயலை. அமைப்பே இல்லைன்னா பேச்சு எந்த விலையில் ஆரம்பிக்கும்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க.

இதே இழுபறிக்கு இன்னொரு பதிலா 1999-ல் உழவர் சந்தைகள் வந்துச்சு. முதல் சந்தை மதுரையில். சேலத்திலும் சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, தாதகாப்பட்டின்னு நகருக்குள்ளேயே உண்டு. அன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும். விளைவிச்சவரே தராசு பிடிப்பார்.

ராச்டேல்காரங்களும் திருவல்லிக்கேணிக்காரங்களும் வாங்குறவங்களா ஒண்ணு சேர்ந்தாங்க. சேலமும் நாமக்கல்லும் விற்கிறவங்களா ஒண்ணு சேர்ந்துச்சு. அதனால்தான் இந்தச் சமவெளியின் பேர் நம்ம தெருவில் பேர்ப்பலகையா தொங்கலை. கடைக்காரர் வாயில் விலையா வருது. அந்த விலையைச் சொல்ற இடம் நாமக்கல்லிலேயே இருக்குமா, இல்லை வேற எங்கேயோ ஒரு அலுவலகத்துக்குப் போயிடுமா என்பதுதான் இனி கவனிக்க வேண்டியது.

உங்க ஊரில் சின்ன வயசில் நீங்க சாமான் வாங்கின சூப்பர் மார்க்கெட்டின் பேர் என்ன, இப்போ அந்த இடத்தில் என்ன கடை இருக்குன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.