கரிஜினி: சிவந்த பாறையும் நீல நாரும்

மேற்கு அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 1,400 கிலோமீற்றர் தொலைவில், பில்பரா என்னும் வறண்ட பெருநிலத்தின் நடுவே கரிஜினி தேசியப் பூங்கா அமைந்துள்ளது. பாடசாலை விடுமுறையை ஒட்டிப் பிள்ளைகளுடன் அங்கு சென்று திரும்பிய நாம், அழகிய காட்சிகளோடு ஒரு வரலாற்றையும் சுமந்து வந்தோம். அகதியாய் அந்நிய மண்ணில் வாழும் ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டிய வரலாறு அது.

நாள் முழுதும் செம்மண்ணையும் முட்புற்களையும் தவிர வேறெதுவும் கண்ணிற் படாது. பின்னர், எவ்வித அறிகுறியுமின்றி நிலம் பிளந்து, காலடியில் 100 மீற்றர் வரை ஆழமான பள்ளத்தாக்குத் தோன்றும். டேல்ஸ் பள்ளத்தாக்கிற் படிகளால் இறங்கினால், ஊற்று நீரால் ஆண்டு முழுதும் வற்றாத ஃபோர்ட்டெஸ்கியூ நீர்வீழ்ச்சி. அதற்கு அப்பால் மரநிழலில் ஒரு தெளிந்த மடு. பூர்வீக மக்களுக்கு அது புனிதமான நீர்நிலை. ஆரவாரமின்றி இறங்குமாறு வருவோரிடம் கேட்டுக்கொள்கின்றனர். கோயிற் கேணிகளை அறிந்த நமக்கு அதனை விளக்க எவரும் தேவையில்லை.

பள்ளத்தாக்கின் சுவர்கள் அடுக்கிவைத்த ஏடுகள் போன்றவை. சுமார் 2,500 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னர், இது கடலடியாக இருந்த காலத்தில், நீரிற் கரைந்திருந்த இரும்பு படிந்து உருவான படைகள் அவை.

இந்நிலம் பஞ்சிமா, குர்ரமா, யின்ஹவங்கா மக்களுக்கு உரியது. 1861இல் இவ்வழி வந்த ஆய்வுப் பயணி பிரான்சிஸ் கிரகரி, தம் பயணத்துக்கு உதவிய ஹமர்ஸ்லி என்பவரின் பெயரை மலைத்தொடருக்குச் சூட்டினார். 1969இல் அமைந்த தேசியப் பூங்காவும் அப்பெயரையே தாங்கியது. 1991இலேயே கரிஜினி என்னும் பூர்வீகப் பெயர் மீண்டது. ஊரின் பெயரைப் பிறர் மாற்றி எழுதுவதன் வலியை நாம் அறிவோம்.

பூங்காவின் வட எல்லையில் விற்றனூம் பள்ளத்தாக்கு உள்ளது. அங்கும் அதே சிவந்த பாறைதான். ஆனால் அதன் படைகளுக்கிடையே நீலக் கல்நார் ஓடுகின்றது. அஸ்பெஸ்டஸ் வகைகளுள் மிகக் கொடியது அது. 1943 முதல் கொலோனியல் சுகர் ரிபைனிங் என்னும் சீனிக் கம்பனியின் துணை நிறுவனம் அதனை வெட்டியெடுத்தது. பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக இந்தியரை வேலை வாங்கிய அதே கம்பனி இது. அக்கூலிகளுள் தமிழரும் இருந்தனர்.

சுரங்கத்துக்கு ஆட்கள் எங்கிருந்து வந்தனர்? இரண்டாம் உலகப் போரில் வீடிழந்த ஐரோப்பிய அகதிகளை அவுஸ்திரேலியா 1947 முதல் ஏற்றுக்கொண்டது. ஐந்தாறு ஆண்டுகளில் வந்தோர் சுமார் 170,000 பேர். அரசு காட்டும் இடத்தில் இரண்டு ஆண்டுகள் வேலை செய்யவேண்டும் என்பது நிபந்தனை. அவர்களுட் சிலர் விற்றனூமுக்கு வந்து சேர்ந்தனர். பிழைப்புத் தேடி வந்த இத்தாலியரும் பிறரும் அவர்களுடன் இணைந்தனர். மூடும் வரை சுமார் 7,000 பேர் அங்கு வேலை செய்தனர். ஆலைக்குள் தூசி மூடுபனியாய் நின்றது. கழிவு மண்ணை ஊரின் தெருக்களிலும் முற்றங்களிலும் பரப்பினர். குழந்தைகள் அதில் விளையாடினர்.

தூசியின் ஆபத்தை எரிக் செயின்ற் என்னும் மருத்துவர் 1948இலேயே எழுத்தில் எச்சரித்தார். ஆயினும் சுரங்கம் 1966 வரை ஓடியது. அப்பொழுதும் அது மூடப்பட்டது நட்டத்தினாலேயே. நோயோ இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் உடலுள் ஒளிந்திருந்து, நுரையீரலைச் சூழ்ந்த சவ்வைப் பற்றும் புற்றாக வெளிப்பட்டது. மாண்டோர் 2,000 பேருக்கு மேல் எனக் கணிக்கப்படுகின்றது. 1988இலேயே மேற்கு அவுஸ்திரேலிய உச்ச நீதிமன்றம் கம்பனியைப் பொறுப்பாளியாக்கித் தொழிலாளருக்கு இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. அதற்குள் பலர் இறந்துவிட்டனர்.

ஊரின் பெயர் 2007இல் அரச பதிவிலிருந்து நீக்கப்பட்டது. 2022இல் இயற்றப்பட்ட சட்டத்தின் பின் எஞ்சிய வீடுகளும் இடிக்கப்பட்டன. ஆயினும் சுமார் மூன்று மில்லியன் தொன் கழிவு பள்ளத்தாக்கிற் குவிந்து கிடக்கின்றது. மழைநீர் அதனை ஓடைவழியே கீழே கொண்டுசெல்கின்றது. அம்மண்ணைத் துப்புரவாக்கக் கோரிப் போராடிய பஞ்சிமா முதியவர் ஒருவர் 2024இல் அந்நோயாலேயே மறைந்தார். மறைந்தோர் பெயரை உச்சரிப்பதைத் தவிர்ப்பது அம்மக்களுட் பலரின் மரபாதலின், நாமும் அவர் பெயரை இங்கு எழுதவில்லை.

உயிரைக் காத்துக்கொள்ள வந்தவர், கிடைத்த வேலையைக் கேள்வியின்றி ஏற்பது இயல்பு. "வந்த இடத்தில் வாய் திறக்கலாமா?" என்று நாமும் எண்ணியதுண்டு. விற்றனூமுக்கு வந்த அகதிகளும் அவ்வாறே எண்ணியிருப்பர். தூசியைப் பற்றியும் முகமூடியைப் பற்றியும் கேட்பது நன்றிகெட்ட செயலன்று. நம் பிள்ளைகள் கரிஜினியின் நீர்வீழ்ச்சியில் நீராடட்டும். அத்துடன், அப்பாறைக்கு அப்பால் நமக்கு முன்னர் வந்த அகதிகள் எதனைச் சுவாசித்தனர் என்பதையும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்போம்.